இங்கே மலையணில் கிடையாது

தினமும் கண்ணால் பார்க்கிற ஒரு உயிரை, அப்படி ஒன்று கிடையாது என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டவள் நான். யாரும் என் கையைப் பிடித்து இழுத்துப் போட வைக்கவில்லை. மாமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மோர் குடித்துக்கொண்டே சாவகாசமாகப் போட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வாய் கசக்கிறது. அந்தக் கசப்போடுதான் இதை எழுதுகிறேன். ஆகவே இதில் யாரைப் பற்றியும் நல்லதாக அதிகம் இருக்காது, என்னையும் சேர்த்துத்தான்.

ராஜபாளையத்தில் எங்களுக்குப் பேண்டேஜ் துணி நெய்கிற சின்னப் பட்டறை இருக்கிறது. புண்ணுக்குச் சுற்றுகிற அந்த வெள்ளை வலைத்துணிதான். வீட்டுக்காரர் காலமான பிறகு நான்தான் அதைப் பார்த்துக்கொள்கிறேன். கரண்டு போய்த் தறி நின்றுவிட்டால் முதலில் வாய் திறந்து திட்டுகிற ஆள் நான். இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும், இந்த அம்மாவுக்கு மின்சாரமே ஆகாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஊருக்கு மேற்கே மலையடிவாரத்தில் அப்பா விட்டுப்போன மாந்தோப்பு. ஒரு பாதி என் பேரில், மறுபாதி தம்பி பேரில். தம்பி ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவன். கூடவே அதட்டலையும் கொண்டு வந்தவன். தோப்பில் ஒரு அறை கட்டிக்கொண்டு, ஊர்ப்பேரைத் தாங்கிய அந்த வெள்ளை வேட்டை நாய் ஒன்றை வளர்த்துக்கொண்டு, பெரும்பாலும் அங்கேயே கிடப்பான். எங்கள் இரண்டு பாதிக்கும் மேற்கு எல்லையில் வரிசையாக ஏழு புளியமரங்கள் நின்றன. அவற்றின் கொப்புகள் மலையில் இருந்து இறங்கும் ஓடைக்கரை மரங்களோடு பின்னிக் கிடக்கும். மலையணில் அந்த வழியாகத்தான் தோப்புக்குள் வரும்.

வீட்டு முற்றத்தில் ஓடுகிற முதுகில் கோடு போட்ட அணிலை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது பூனை அளவு இருக்கும். சாம்பல் பூத்த முதுகு, உடம்பை விட நீளமான வால், அந்த வால் மயிரில் நரை. கொப்பு விட்டுக் கொப்பு தாவுமே தவிரத் தரையில் கால் வைக்காது. எங்கள் மேற்கு மலையை விட்டால் இது மிஞ்சியிருக்கிற இடங்கள் கொஞ்சம்தான் என்று படித்தவர்கள் சொல்வார்கள். இதற்காகவே ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் காட்டைச் சரணாலயம் ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

எனக்கு அதன் மேல் பிரியம் இருந்தது என்று சொன்னால் பொய். சப்பட்டை மாங்காய் முற்றிவரும் நேரத்தில் ஒரு கடி கடித்துவிட்டுக் கீழே போடும். முழுசாகவாவது தின்று தொலைக்கக் கூடாதா என்று நானே கத்தியிருக்கிறேன். தகரத்தைத் தட்டினால் இரண்டு மரம் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டு, நம்மைத் திருப்பித் திட்டுகிற மாதிரி கரகரவென்று சத்தம் போடும். ஆனாலும் எல்லாருடைய தோப்பிலும் உச்சிக் கொப்புக் காயை ஆள் ஏற்றிப் பறிக்கமாட்டார்கள். அது அணிலுக்கு என்று விட்டுவிடுவதுதான் வழக்கம். தர்மம் ஒன்றும் இல்லை, அவ்வளவு உயரம் ஏற யாருக்கும் துணிச்சல் கிடையாது. இருந்தாலும் அந்த ஏற்பாட்டில் அணிலும் பிழைத்தது, நாங்களும் பிழைத்தோம்.

அடிவாரத் தோப்புக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. காக்கியோ பச்சையோ போட்ட யார் வந்து எந்த மிருகத்தைப் பற்றிக் கேட்டாலும் ‘கிடையாது’ என்பார்கள். யானை வந்ததா, கிடையாது. மிளா மான் வந்ததா, கிடையாது. முந்தின நாள் யானை மிதித்த தென்னங்கன்றின் மேல் காலை வைத்துக்கொண்டு கிடையாது என்பார்கள். இருக்கிறது என்று சொன்னால் தோப்பைக் காட்டோடு சேர்த்துவிடுவார்கள், போர் போட விடமாட்டார்கள், ஒரு கொப்பை வெட்டக்கூட மனு எழுத வேண்டியிருக்கும் என்று பயம். அந்த பயத்தில் முழுசும் தப்பும் இல்லை. ஆனால் யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்று திருப்பிக் கேட்கிற வழக்கம் மட்டும் எங்கள் ஆட்களுக்குக் கிடையாது. பதில் ஏற்கெனவே தயாராக இருக்கும்போது கேள்வி எதற்கு?

மூன்று வருஷத்துக்கு முன்னால், மாங்காய் பிஞ்சு விட்டிருந்த சமயம், அணில் கணக்கெடுக்க ஆள் வரப்போகிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது. தம்பி தோப்பு அறையில் பக்கத்துத் தோப்புக்காரர்களைக் கூட்டினான். எல்லாரும் கமுக்கமாகப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். வாயால் கிடையாது என்றால் போதாது, கண்ணுக்குக் கூடு தெரியக் கூடாது.

“கூடு இருந்தா போட்டோ எடுத்துருவாய்ங்க. அதுக்குப் பொறவு நம்ம தோப்புல நாமளே பாஸ் வாங்கித்தான் நுழையணும். எல்லாத்தையும் இறக்கிருவோம்” என்றான் தம்பி.

நான் அங்கேதான் இருந்தேன். எல்லாருக்கும் காபி ஆற்றிக் கொடுத்தவளே நான்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா தோப்பு கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. பயத்தை விட, எல்லாரும் ஒன்றாகச் செய்யும்போது பழி நம் தலையில் மட்டும் விழாது என்ற கேவலமான தைரியம் இருந்தது.

எங்கள் தோப்பில் நான்கு கூடுகள். மூன்று காலி. ஒரு அணிலே இரண்டு மூன்று கூடு கட்டி வைத்து மாறி மாறிப் படுக்கும். நான்காவது கூடு, புளியமர வரிசையில் நடு மரத்தில், கவட்டையில் சுள்ளியும் இலையுமாகக் கூடை அளவுக்கு இருந்தது. எங்கள் காவல்காரர் தொரட்டியை மாட்டி ஒரு இழுப்பு இழுத்தவர் நிறுத்திவிட்டார். அறுபது வயதுக்காரர், அப்பா காலத்து ஆள்.

“தாயி, இதுல குட்டி கெடக்கு. தாய் அந்தக் கொப்புல நின்னு கத்துது பாருங்க. பத்து நாள் விட்டா தானாப் போயிரும்” என்றார்.

நான் தம்பியைப் பார்த்தேன். தம்பி என்னைப் பார்த்தான். மரம் என் பாதியில் நின்றது. நான் சொல்ல வேண்டும்.

“இறக்கிருங்க” என்றேன்.

கூடு பொத்தென்று விழுந்தது. உள்ளே ஒன்றே ஒன்று, கண் திறக்காமல், உள்ளங்கை அளவுக்கு ரோஸ் நிறத் தோலாகக் கிடந்தது. காவல்காரர் அதைத் துண்டில் எடுத்து, அதே மரத்தின் தாழ்ந்த கொப்பில் இலையை விரித்து வைத்துவிட்டு வந்தார். தாய் வந்து வாயில் கவ்விக்கொண்டு போனது என்று மறுநாள் சொன்னார். மெய்யாகச் சொன்னாரா, என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் அல்லவா.

நான்கு நாள் கழித்து அந்த ஆள் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், பச்சைச் சட்டை, கழுத்தில் பைனாகுலர். நல்ல மரியாதையான மனிதர், வெளியூர்ப் பேச்சு. மதியம் பன்னிரண்டு மணிக்கு வந்தார். அந்த நேரத்தில் மலையணில் கொப்போடு கொப்பாகப் படுத்துத் தூங்கும். அதைத் தேடுகிறவர்கள் விடிகாலையில் வர வேண்டும். அணிலைக் கணக்கெடுக்கிறவருக்கு அதுகூடவா தெரியாது என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். தெரிந்துதான் அந்த நேரத்துக்கு வந்திருக்கிறார் என்று அப்போது தோன்றவில்லை.

“இங்கே மலையணில் பார்த்திருக்கீங்களா மேடம்?”

“கிடையாது. நான் பொறந்ததுல இருந்து பார்த்ததில்ல.”

“கூடு ஏதாவது?”

“அதெல்லாம் செண்பகத்தோப்புக் காட்டுப் பக்கம் போய்ப் பாருங்க.”

அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். சந்தோஷமாகவே எழுதினார். மோர் கொடுத்தேன், குடித்தார். தாளை நீட்டினார். ‘இப்பகுதியில் சாம்பல் நிற மலையணில் இல்லை’ என்று டைப் அடித்தே கொண்டு வந்திருந்தார். கையெழுத்து போடுகிற இடம் மட்டும்தான் காலி. டைப் அடித்துக் கொண்டு வந்திருக்கிறாரே என்றுகூட எனக்கு உறைக்கவில்லை. போட்டேன். எப்படிச் சமாளித்தோம் பார் என்ற திருப்தியோடு அன்றைக்குச் சாப்பிட்டேன்.

எட்டு மாசம் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம், நிலத்துக்காரர்கள் எல்லாரும் வர வேண்டும் என்று கடிதம் வந்தது. போனோம். மேடையில் ஒரு காற்றாலைக் கம்பெனியின் பேனர். அதன் கீழே அந்தப் பச்சைச் சட்டைக்காரர் இந்த முறை வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். அவர் காட்டிலாகா ஆள் இல்லை. கம்பெனிக்கு ஆய்வு செய்து கொடுக்கிற ஆள். காட்டிலாகா ஆள் என்று அவர் எங்களிடம் சொல்லவும் இல்லை. நாங்கள்தான் கேட்கவில்லை.

விஷயம் இதுதான். தெற்கே கம்பெனி நிறுத்தப்போகிற காற்றாலைகளில் இருந்து கரண்டைக் கொண்டுபோக உயர் மின்கோபுர வரிசை வேண்டும். அதற்கு இரண்டு வழி பார்த்திருக்கிறார்கள். ஒன்று சாலையை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போவது. இன்னொன்று அடிவாரத் தோப்புகளுக்குள் நேராகப் போவது. தோப்பு வழியில் மலையணில் இருந்தால் அந்த வழி கூடாது என்று நிபந்தனை. இல்லை என்று தோப்புக்காரர்களே எழுதிக் கொடுத்துவிட்டதால், தோப்பு வழியே முடிவாகிவிட்டது. மேடையில் இருந்தவர் இதை வாசித்து முடித்துவிட்டு எங்களுக்கு நன்றி வேறு சொன்னார்.

காட்டிலாகாவுக்குப் பயந்து நாங்களே கதவைத் திறந்து கம்பெனியை உள்ளே விட்டிருக்கிறோம் என்று ஒவ்வொருவருக்காகப் புரிந்துகொண்டு வந்தது. தம்பி என் கையைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தான். நான் எழுந்துவிட்டேன்.

“எங்க தோப்புல மலையணில் இருக்கு. குட்டி போட்டிருக்கு. நானே பார்த்திருக்கேன்” என்றேன்.

வெள்ளைச் சட்டைக்காரர் பதற்றமே இல்லாமல் பைலைப் புரட்டி, என் தாளைத் தூக்கிக் காட்டினார். “பொறந்ததுல இருந்து பார்த்ததில்லன்னு நீங்கதான் மேடம் சொன்னீங்க. இது உங்க கையெழுத்துதானே?”

பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். என்னோடு சேர்ந்து கூடு இறக்கியவர்களும் அதில் இருந்தார்கள். லைன் அவர்கள் தோப்பை உரசாமல் போகிறது என்று அதற்குள் வரைபடத்தில் பார்த்துக்கொண்டார்கள். சுத்தமான மின்சாரம், புகை கிடையாது, பூமிக்கு நல்லது என்று மேடையில் ஒருவர் பாடம் நடத்தினார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நல்ல காரியத்தைச் செய்யவும் இப்படி அணில் தூங்குகிற மதிய நேரம் பார்த்து வர வேண்டியிருக்கிறதே. போகும்போது வாசலில் ஆளுக்கொரு பால்கோவா பொட்டலம் கொடுத்தார்கள். நானும் வாங்கினேன். பஸ்ஸில் பிரித்துத் தின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாதியில் ஜன்னல் வழியாகத் துப்பினேன். அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை.

புளியமரங்களை வெட்ட இரண்டு நாள் ஆனது. மிஷின் ரம்பம். ஏழும் போயின. அவற்றை ஒட்டி நின்ற மாமரங்களும் போயின. நான்கு பஸ் பக்கம் பக்கமாகப் போகிற அகலத்துக்கு, மலைக்கும் தோப்புக்கும் நடுவில் செம்மண் வெட்டவெளி ஆனது. கோபுரம் எழும்பியது, கம்பி இழுத்தார்கள். வேலை முடிந்ததும் கம்பெனி ஒரு போர்டு நட்டது. பச்சை நிறத்தில், ‘இயற்கையோடு இணைந்த மின்சாரம்’ என்று எழுதி, ஓரத்தில் ஒரு படம். என்ன படம் என்கிறீர்கள்? மலையணில். சாம்பல் முதுகு, நீண்ட வால் எல்லாம் சரியாக இருந்தது. இல்லாத அணிலை அவ்வளவு அழகாக எங்கே பார்த்து வரைந்தார்களோ.

ஆனால் ஒரு அணில் தோப்புப் பக்கம் மாட்டிக்கொண்டது. அந்தத் தாய்தான் என்றார் காவல்காரர். காதில் ஒரு கிழிசலை வைத்து அடையாளம் சொன்னார். தினமும் காலையில் வெட்டவெளி ஓரத்து மாமரத்தின் கடைசிக் கொப்புக்கு வரும். எதிரில் ஓடைக்கரை மரங்களைப் பார்த்துக் கத்தும். தாவுகிற தூரம் இல்லை. திரும்பிப் போகும். நான் பட்டறையைப் போட்டுவிட்டு, வாரத்தில் மூன்று நாள் அதைப் பார்க்கவே போக ஆரம்பித்தேன். உச்சிக் கொப்புக் காயை மட்டும் அல்ல, அந்த மரத்துக் காய் எதையுமே பறிக்கக் கூடாது என்று சொல்லி வைத்தேன். பாவத்தைச் செய்துவிட்டு மாங்காய் கொடுக்கிற புத்தி, வேறென்ன.

“ஏலே, நாயைக் கட்டிப் போடு. அது கீழ இறங்கினாலும் இறங்கும்” என்று தம்பியிடம் சொன்னேன்.

“மலையணில் தரையில இறங்காதுக்கா. ஒனக்கு எப்பப் பாரு அதே நெனப்பு” என்றான்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் அது இறங்கியது. நான் தோப்பு அறை வாசலில் நின்று கண்ணால் பார்த்தேன். மரத்தண்டைப் பிடித்துத் தலைகீழாக, நின்று நின்று வந்தது. மண்ணில் முன்கால் வைத்ததும் சுட்டுவிட்ட மாதிரி எடுத்தது. மறுபடி வைத்தது. அப்புறம் ஓடியது. மரத்தில் அவ்வளவு லாவகமாகப் போகிறது மண்ணில் தத்தித் தத்தி, அந்தப் பெரிய வாலை இழுத்துக்கொண்டு ஓடியது. பாதி வெளி கடந்துவிட்டது. நாய் போனதை நான் பார்க்கவில்லை, வெள்ளையாக ஒன்று என்னைத் தாண்டிப் போனதுதான் தெரிந்தது. தம்பி கத்தினான். நானும் கத்தினேன். அந்த ஜாதி நாய் எதையாவது துரத்தி ஓடினால் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் நிற்காது. அதற்காகத்தானே அதை வளர்க்கிறார்கள்.

வாயில் கவ்விக்கொண்டு நேராக என்னிடம் வந்து, காலடியில் வைத்துவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. நாயின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அது ஒன்றுதான் அந்தத் தோப்பில் யாரிடமும் பொய் சொல்லாதது. அணிலின் காதில் அந்தக் கிழிசல் இருந்தது.

“பாரஸ்ட் ஆபீஸுக்குப் போன் போடு. வந்து பார்க்கட்டும்” என்றேன்.

தம்பி முகம் செத்துப் போயிருந்தது. “பைத்தியமாக்கா ஒனக்கு? அவிய வந்தா எம் மேல கேசு, நாய் மேல கேசு. இல்லைனு எழுதிக் குடுத்துட்டு இப்பச் செத்ததைக் காட்டினா ஒம் மேலயும் கேசு. பேசாமப் புதைச்சிருவோம்.”

நான் பேசாமல் இருந்தேன். அதில்தான் எனக்கு நல்ல பழக்கம் ஆயிற்றே. பையில் பட்டறைத் துணி ஒரு சுருள் இருந்தது. அதில் சுற்றினேன். காயத்துக்குக் கட்டுகிற துணி, இனிமேல் அதற்கு என்ன காயம். புளியமரம் நின்ற இடத்து வேர்க்கட்டை ஓரத்தில் காவல்காரர் குழி தோண்டினார். அன்றைக்கு அவர் கேட்ட பத்து நாள் எங்கள் இரண்டு பேர் நினைவிலும் இருந்தது.

போன தையில் அந்த ஆய்வுக்காரர் மறுபடி வந்தார். லைனில் கரண்டு ஓட ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகிறதாம். வன உயிருக்குப் பாதிப்பு ஏதும் உண்டா என்று தோப்புக்காரர்களிடம் எழுதி வாங்க வேண்டுமாம். தம்பியும் இருந்தான். அதே நாற்காலி, மோர் மட்டும் நான் கொடுக்கவில்லை. தாளை வாங்கிப் படித்தேன். இந்த முறை டைப் அடித்த பதில் இல்லை, கட்டம் போட்டிருந்தது. ‘மின்தடத்தில் மலையணில் இறப்பு ஏதும் உண்டா? இருந்தால் எண்ணிக்கை.’

என் பேனாவை எடுத்து ‘ஒன்று’ என்று எழுதினேன். கீழே பழையபடியே கையெழுத்து போட்டேன்.

அவர் வாங்கிப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை, ஒரு அலுப்பு.

“மேடம், முதல் ரிப்போர்ட்ல இங்கே அணிலே இல்லன்னு இருக்கு. இல்லாதது எப்படிச் சாகும்?”

“அந்தா, அந்தக் கட்டைக்குப் பக்கத்துலதான் கெடக்கு. மம்பட்டி தாரேன், தோண்டிப் பாருங்க.”

அவர் கட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், பைலில் வைக்கவில்லை. பிறகு பைலில் இருந்து எழுதாத தாள் ஒன்றை எடுத்தார்.

“சார் தோப்பும் இதே லைன்லதானே வருது? இந்த இடத்துக்கு ஒரு தாள் இருந்தாப் போதும்” என்று அதைத் தம்பியிடம் நீட்டினார்.

“ஏலே” என்றேன்.

தம்பி என் முகத்தைப் பார்க்காமல் பேனாவை வாங்கினான்.